எங்கப்பா ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு, ஆனா குரோம் ஒத்துக்க மாட்டேங்குது

போன மாசம் 20-ம் தேதி, புதன்கிழமை, ராத்திரி எட்டரை இருக்கும், அப்பா போன். எங்கப்பா அந்த நேரத்துல கூப்பிட்டா ரெண்டே சேதி தான், ஒண்ணு சொந்தக்காரங்க யாராவது போயிட்டாங்க, இல்லன்னா கம்ப்யூட்டர் போயிடுச்சு. எடுத்த உடனே "யாருப்பா?"ன்னு தான் கேட்டேன். "யாரும் இல்லம்மா, கூகுள் போயிடுச்சு"ன்னாரு. அப்பாடான்னு இருந்துச்சு.

கூகுள் எப்படிப்பா போகும்னு கேட்டா, குரோமை திறந்தா வழக்கமா வர்ற பக்கம் வரல, ஒரு பூதக்கண்ணாடி படம் போட்டு வேற ஏதோ வருது, அதுல தேடினா யாஹூ வருது, நடுவுல ரம்மி விளையாடு, கடன் வாங்குன்னு விளம்பரம் வருது, எட்டு நாளா இப்படித்தான் இருக்குன்னு சொல்றாரு. எட்டு நாளா! இந்த எட்டு நாள்ல தெரு முனையில இருக்குற ஒரு சர்வீஸ் பையன் வந்து 300 ரூபா வாங்கிட்டு "கிளீன்" பண்ணிட்டுப் போயிருக்கான், மறுநாளே பூதக்கண்ணாடி திரும்ப வந்துடுச்சு. அவன் அடுத்ததா ஃபார்மேட் அடிக்கணும்னு சொன்னப்புறம் தான் என் ஞாபகம் வந்திருக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்ச பொண்ணு ஒருத்தி சென்னையில இருக்காளேன்னு. நான் பாக்குறது டெஸ்டிங் வேலை, அதை பதினஞ்சு வருஷமா சொல்லிப் பாத்துட்டேன், எங்க வீட்டைப் பொறுத்தவரைக்கும் நான் கம்ப்யூட்டர் டாக்டர்.

போன்லயே முடிச்சிடலாம்னு பாத்தேன். வலது பக்கம் மேல மூணு புள்ளி இருக்கும்பா அதை அமுக்குங்கன்னேன். இல்லவே இல்லம்மாங்கிறாரு. ஒண்ணு மேல ஒண்ணா நிக்கும்பான்னேன். கொஞ்ச நேரம் மூச்சு சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் "ஆங், சிக்னல் விளக்கு மாதிரி இருக்கு"ன்னாரு. அமுக்கி வர்றதை மேல இருந்து கீழ வரைக்கும் படிங்கன்னேன், பேங்க்ல லெட்ஜர் படிக்கிற மாதிரி ஒவ்வொரு வரியா படிச்சாரு, கடைசி வரில நின்னுட்டாரு. "மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்னு போட்டிருக்கும்மா. எந்த ஆர்கனைசேஷன்? நான் தான் 2019-லயே ரிட்டயர் ஆயிட்டேனே?"

அப்பா கூட்டுறவு பேங்க்ல முப்பத்தி நாலு வருஷம் வேலை பாத்தவர். இந்த வரியை அவரு நாலு நாளைக்கு முன்னாடியே பாத்துட்டு, பழைய ஆபீஸ்ல இப்ப இருக்குறவருக்கு போன் போட்டு "என் கம்ப்யூட்டரை நீங்க எதும் கண்ட்ரோல்ல வெச்சிருக்கீங்களா"ன்னு வேற கேட்டிருக்காரு. அவரு பாவம், பென்ஷன் விஷயமோன்னு பயந்துட்டாராம்.

எனக்கு அந்த வரியைக் கேட்ட உடனே விஷயம் புரிஞ்சிடுச்சு. ஆபீஸ் லேப்டாப்ல அது வந்தா நியாயம், கம்பெனி ஐடி ஆளுங்க குரோமுக்கு உத்தரவு போட்டு வெச்சிருப்பாங்க, இந்த எக்ஸ்டென்ஷன் (குரோமோட ஒட்டிக்கிட்டு வேலை பாக்குற குட்டி சாஃப்ட்வேர்) கண்டிப்பா இருக்கணும், இதை யாரும் கழட்டக் கூடாதுன்னு. அந்த வசதியைத் தான் இந்த மாதிரி பிரவுசரைக் கைப்பத்துற சாஃப்ட்வேரும் எடுத்துக்குது, ஹைஜாக்கர்னு சொல்வாங்க. வீட்டு கம்ப்யூட்டர்ல போயி உக்காந்து, நான் தான் இந்த ஆபீஸோட ஐடி டிபார்ட்மென்ட்னு குரோம் கிட்ட சொல்லிடும். குரோமும் சரிங்க சார்னு நம்பிடும். அப்புறம் அந்த எக்ஸ்டென்ஷனை எடுக்கலாம்னு போனா ரிமூவ் பட்டனே இருக்காது, உங்க அட்மினிஸ்ட்ரேட்டர் போட்டதுன்னு வரும். எங்க வீட்டுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர்னா அது எங்கம்மா தான், அவங்களுக்கு இதுல சம்பந்தம் இல்ல.

இதுக்குள்ள வீட்ல தீர்ப்பு எழுதி முடிச்சிருந்தாங்க. அக்கா பக்கத்துத் தெரு தான், அக்கா பையன் ஏழாவது படிக்கிறான், ஸ்கூல் விட்டு வந்தா தாத்தா வீட்டு கம்ப்யூட்டர்ல தான் உக்காருவான். அம்மா சொன்னது ஒரே வாக்கியம், "வேற யாரு, அந்தப் பய தான், கேமு கேமுன்னு எதையாவது அமுக்கி வெச்சிருப்பான்". அக்கா அதுக்கு மேல, அவனோட டேப்லெட்டை புடுங்கி பீரோவுல வெச்சுப் பூட்டினது மட்டும் இல்ல, அதுல இருந்த மைன்கிராஃப்ட்டையும் அழிச்சுட்டா. கெட்டுப் போனது தாத்தா வீட்டு கம்ப்யூட்டர், தண்டனை டேப்லெட்டுக்கு. அதுல அவன் ஒரு வருஷமா கட்டிக்கிட்டிருந்த ஊரு ஒண்ணு இருந்துச்சாம், கோட்டை, ரயில் பாதை எல்லாம், அழிச்சதோட சேர்ந்து அதுவும் போச்சு.

வெள்ளிக்கிழமை வேலை முடிச்சுட்டு கிளாம்பாக்கம் போயி பஸ் புடிக்கிறதுக்குள்ளயே பாதி உசுரு போச்சு, சனிக்கிழமை விடியக்காலை மாயவரம். காபி குடிச்சுட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தேன். 2017-ல அசெம்பிள் பண்ணது, விண்டோஸ் 10, மானிட்டர் மேல சாய்பாபா ஸ்டிக்கர், கீபோர்டு மேல அம்மா தச்ச துணி உறை.

முதல்ல நோயைப் பாத்துடுவோம்னு "மயிலாடுதுறை திருச்சி ட்ரெயின்"னு அட்ரஸ் பார்ல அடிச்சு என்டர் தட்டினேன். கண்ணு சிமிட்டாம பாத்தா தான் தெரியும், அட்ரஸ் பார்ல ஒரு பேரு வந்து போகுது, அப்புறம் இன்னொரு பேரு, ரெண்டுமே வாயில நுழையாத பேரு, அதுக்கப்புறம் தான் யாஹூ ரிசல்ட். முதல் நாலும் விளம்பரம். எல்லாம் ஒரு செகண்டுக்குள்ள. அந்த நடுவுல வந்து போற ரெண்டு பேரு தான் விஷயமே. தேடுறவன் எங்க போனாலும் இவங்க டோல்கேட் வழியா போகணும், அவன் விளம்பரத்தைக் கிளிக் பண்ணா இவங்களுக்கு ஒரு பங்கு. ஒரு கிளிக்குக்கு சில்லறைக் காசு தான், ஆனா லட்சக்கணக்கான வீட்ல எங்கப்பா மாதிரி ஒருத்தர் காலையில பஞ்சாங்கம், மதியம் பேங்க் வட்டி, சாயந்திரம் ட்ரெயின் டைம்னு தேடிக்கிட்டே இருந்தா கணக்கு எங்கயோ போகும். 2017-ல ஃபயர்பால்னு ஒண்ணு ஞாபகம் இருக்கா? பெய்ஜிங்ல ரஃபோடெக்னு ஒரு விளம்பரக் கம்பெனி, இலவச சாஃப்ட்வேரோட ஒட்டி விட்டு ஹோம்பேஜ், சர்ச் எல்லாத்தையும் மாத்தினது. உலகம் முழுக்க 25 கோடி கம்ப்யூட்டர், இந்தியாவுல மட்டும் 2 கோடியே 53 லட்சம்னு செக் பாயின்ட்ங்கிற பாதுகாப்புக் கம்பெனி சொன்னாங்க. மைக்ரோசாஃப்ட் அவ்வளவெல்லாம் இல்ல, கணக்கு ரொம்ப ஊதிப் போச்சுன்னு மறுத்தாங்க, அது வேற கதை. பாதின்னு வெச்சாலும் எவ்வளவு வீடு.

சரி, இனிமே என் மடத்தனம். பதினஞ்சு வருஷ அனுபவம், பஸ்ல தூங்காத எரிச்சல், ரெண்டும் சேர்ந்து நேரா குரோமையே தூக்கிட்டேன். அன்இன்ஸ்டால், பிரவுசிங் டேட்டாவையும் அழின்னு டிக், எல்லாம் போச்சு, திரும்ப புதுசா இன்ஸ்டால். அப்பா பின்னாடி நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. புது குரோம் திறந்துச்சு, மூணு புள்ளியை அமுக்கினேன், கீழ அதே வரி. மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன். "போகல பாரும்மா"ன்னாரு, ஏதோ அவரே அனுப்பி வெச்ச ஆள் திரும்பி வந்த மாதிரி. போகாது தான், அந்த உத்தரவு குரோமுக்குள்ள இல்ல, விண்டோஸ் தன்னோட செட்டிங்ஸை எல்லாம் எழுதி வைக்கிற ரெஜிஸ்ட்ரியில இருக்கு, குரோமை நூறு தடவை கழட்டி மாட்டினாலும் அது அங்கேயே தான் இருக்கும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பண்ணேன்.

இதுல இன்னொரு கூத்து. அப்பாவுக்கு புக்மார்க் எல்லாம் வேணுமேன்னு அவரோட ஜிமெயிலைப் போட்டு லாகின் பண்ணி சிங்க் ஆன் பண்ணேன். ரெண்டு நிமிஷம் ஆகல, புக்மார்க் வந்துச்சு, கூடவே ஏதோ பிடிஎஃப் கன்வெர்ட்டர்னு ஒரு எக்ஸ்டென்ஷனும் சமத்தா வந்து உக்காந்துச்சு. கூகுள் கணக்குல பத்திரமா சேமிச்சு வெச்சிருந்ததை கூகுளே கொண்டு வந்து குடுத்துச்சு, நான் தான் கதவைத் திறந்து விட்டேன். ஆக வீட்டுக்குள்ள இருந்தது ஒண்ணு இல்ல ரெண்டு, ஒண்ணு ரெஜிஸ்ட்ரி வழியா பலவந்தமா இருக்குறது, இன்னொண்ணு சாதாரணமா போட்டு சிங்க்ல ஏறிக்கிட்டது. அந்த 300 ரூபா பையனை மனசுக்குள்ள திட்டிக்கிட்டு வந்தேன், அவன் பண்ணதையே தான் நானும் பண்ணியிருக்கேன், என்ன, நான் காசு வாங்கல.

அப்புறம் குரோம் செட்டிங்ஸ்ல கம்ப்யூட்டரை சுத்தம் பண்ற ஒரு ஆப்ஷன் இருக்குமேன்னு தேடினேன், முன்னாடி ஒரு தடவை அதுல தான் வேலை முடிஞ்சுது. காணோம். 2023 மார்ச்ல 111-வது வெர்ஷனோட அதை எடுத்துட்டாங்க, அதை நான் மறந்தே போயிட்டேன். சரின்னு என் லேப்டாப்ல ஆட்வ்கிளீனர்னு இந்த மாதிரி வேண்டாததைத் தூக்குற சாஃப்ட்வேரை டவுன்லோட் பண்ணி பென் டிரைவ்ல போட்டுக் கொண்டாந்தேன். இதை மட்டும் தயவு செஞ்சு கவனிங்க, கெட்டுப் போன பிரவுசர்லயே உக்காந்து, கெட்டுப் போனதை சரி பண்ற சாஃப்ட்வேரைத் தேடாதீங்க. தேடல் ரிசல்ட்டே அவன் கையில இருக்கு, மருந்துன்னு பேரு போட்டு அவனே இன்னொண்ணை நீட்டுவான். வேற கம்ப்யூட்டர்ல, அந்தக் கம்பெனி சைட்ல இருந்தே எடுங்க. இப்ப அது மால்வேர்பைட்ஸ் கிட்ட இருக்கு, இலவசம், இன்ஸ்டால் கூட பண்ண வேண்டாம், ஃபைலை ஓட விட்டா போதும்.

அதை ஓட விட்டா பதினோரு அயிட்டம் காட்டுச்சு. அப்பா வருஷா வருஷம் காசு கட்டுற ஆன்ட்டிவைரஸ் இத்தனை நாளும் மூலையில பச்சை டிக் போட்டுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. கேட்டா அதுவும் ஒரு வகையில நியாயம் தான்ம்பாங்க, இது வைரஸ் இல்லையாம், "வேண்டாததா இருக்கலாம்" வகையாம். ஏன்னா நாம தான் அக்ரீ குடுத்திருக்கோம், நெக்ஸ்ட் அமுக்கியிருக்கோம்.

காலேஜ் படிக்கறப்ப பிரவுசிங் சென்டர்ல பாத்திருப்பீங்க, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ல மேல அஞ்சு டூல்பார் அடுக்கி வெச்சு, படிக்கிறதுக்கு கீழ ரெண்டு இஞ்ச் தான் மிச்சம் இருக்கும். ஜாவா அப்டேட் பண்ணாலே ஆஸ்க் டூல்பார் கூட ஒட்டிக்கிட்டு வரும், டிக்கை எடுக்க மறந்தா அவ்வளவு தான். அப்பல்லாம் ஹைஜாக்திஸ்னு ஒரு குட்டி சாஃப்ட்வேர், நெதர்லாந்துல மெரின் பெல்லகாம்னு ஒரு ஸ்டூடண்ட் எழுதினது, அது பிரவுசர்லயும் விண்டோஸ்லயும் ஒட்டிக்கிட்டிருக்குறதை எல்லாம் ஒரு நீள லிஸ்ட்டா குடுக்கும், எதைத் தூக்கணும் எதைத் தொடக் கூடாதுன்னு நாம தான் முடிவு பண்ணணும், தப்பா ஒண்ணைத் தூக்கினா நெட்டே வராது. அந்த காலத்து டூல்பாராவது கண்ணுக்குத் தெரிஞ்சுது, திட்டவாவது முடிஞ்சுது. இப்ப இருக்குறது எல்லாம் மறைஞ்சு உக்காருது.

கிளீனர் தூக்கினதை தூக்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணேன், பத்து நிமிஷம் நல்லா இருந்துச்சு, அப்புறம் பூதக்கண்ணாடி. இப்ப தான் எனக்கு ரோஷம் வந்துச்சு. டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்தேன். விண்டோஸ்ல இன்ன நேரத்துக்கு இன்ன வேலை பண்ணுன்னு எழுதி வைக்கிற இடம் அது, அப்டேட் பாக்குறது, அப்படி இப்படின்னு நெறைய இருக்கும். எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கான பேரு இருந்துச்சு, ஒண்ணுக்கு மட்டும் விண்டோஸ் அப்டேட் மாதிரியே ஒரு பேரு, ஆனா ஆக்‌ஷன்ல பாத்தா விண்டோஸுக்கு கட்டளை குடுக்குற பவர்ஷெல்லைக் கூப்பிட்டு சிஸ்டம்32 ஃபோல்டருக்குள்ள ஒரு ஸ்கிரிப்டை ஓட்டுது, லாகின் ஆகும் போது ஒரு தடவை, அப்புறம் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. நாம ரெஜிஸ்ட்ரியில அழிக்க அழிக்க இது வந்து திரும்ப எழுதிட்டுப் போகுது. வாசல்ல கோலத்தை மிதிச்சா அம்மா வந்து திரும்பப் போடுற மாதிரி. 2024 ஆகஸ்ட்ல ரீசன்லேப்ஸ்னு ஒரு பாதுகாப்புக் கம்பெனி இதே மாதிரி ஒண்ணைப் பத்தி விளக்கமா எழுதியிருந்தாங்க, போலி டவுன்லோட் சைட் வழியா வந்து, பவர்ஷெல் டாஸ்க் போட்டு, குரோம்லயும் எட்ஜ்லயும் எக்ஸ்டென்ஷனை பலவந்தமா ஏத்துறது, குறைஞ்சது 3 லட்சம் பேர் மாட்டினாங்கன்னு. வீட்ல இருந்தது அதே தானா அதோட ஒண்ணு விட்ட தம்பியான்னு ஆராய்ச்சி பண்ணல, குணம் அச்சு அசல் அது தான்.

அதனால வரிசை முக்கியம். முதல்ல நெட் கேபிளைப் புடுங்கினேன். அந்த டாஸ்க்கை அழிச்சேன், அது கூப்பிடுற ஸ்கிரிப்ட் ஃபைலையும் தேடிப் போயி அழிச்சேன். கண்ட்ரோல் பேனல்ல புரோகிராம் லிஸ்ட்டை இன்ஸ்டால் ஆன தேதி வாரியா வரிசைப்படுத்தி (இது சின்ன விஷயம், ஆனா இதை விட நல்ல துப்பறியும் கருவி விண்டோஸ்ல இல்ல), ஒரே நாள்ல வந்து இறங்கின மூணைத் தூக்கினேன். அதுக்கப்புறம் தான் ரெஜிஸ்ட்ரி. ஹெச்கீ லோக்கல் மெஷின், அதுல சாஃப்ட்வேர், அதுல பாலிசீஸ், அதுல கூகுள், அதுல குரோம். எடுக்கறதுக்கு முன்னாடி எக்ஸ்போர்ட் பண்ணி ஒரு காப்பி வெச்சுக்கிட்டேன், ரெஜிஸ்ட்ரியில வீராப்பு காட்டக் கூடாது. உள்ள ஃபோர்ஸ்லிஸ்ட்னு முடியற ஒரு ஃபோல்டர், அதுல ஒரே ஒரு வரி, 32 எழுத்துல அர்த்தமே இல்லாம ஒரு பேரு, அது தான் அந்த எக்ஸ்டென்ஷனோட அடையாள எண். அதாவது எங்கப்பாவோட ஆர்கனைசேஷன். டெலீட். மைக்ரோசாஃப்ட் ஃபோல்டருக்குக் கீழ எட்ஜுக்கும் அதே மாதிரி ஒண்ணு வெச்சிருந்தான், அதையும் டெலீட்.

டெஸ்க்டாப்ல இருந்த குரோம் ஐகானை வலது கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ்ல டார்கெட் கட்டத்தையும் பாத்தேன், சில நேரம் அந்த வரியோட கடைசில ஒரு வெப்சைட் அட்ரஸை ஒட்டி வெச்சிருப்பானுங்க, எல்லாம் சரி பண்ணியும் ஐகானை அமுக்கினா அதே பக்கம் திறக்கும், பைத்தியம் புடிக்கும். இங்க அது இல்ல. கேபிளை மாட்டி குரோமைத் திறந்து, சிங்க் ஆன்ல இருக்கும் போதே அந்த பிடிஎஃப் எக்ஸ்டென்ஷனை ரிமூவ் பண்ணேன், அப்ப தான் கூகுள் கணக்குல இருந்தும் அது போகும். சர்ச் இன்ஜினை கூகுளுக்கு மாத்தி, லிஸ்ட்ல இருந்த தெரியாத பேரை எல்லாம் அழிச்சு, குரோமுக்கு என்னென்ன உத்தரவு இருக்குன்னு காட்டுற பாலிசி பக்கத்தை அட்ரஸ் பார்ல திறந்து பாத்தேன். காலி. மூணு புள்ளியை அமுக்கினேன். கடைசி வரி எக்ஸிட். அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல.

"இப்ப தான்பா நீங்க நிஜமா ரிட்டயர்டு"ன்னேன். அப்பா சிரிக்கல.

அம்மாவோட பிரச்சனை தனி. கம்ப்யூட்டர்ல வலது பக்கம் கீழ மூலையில அரை மணிக்கு ஒரு தடவை "உங்கள் கணினியில் 5 வைரஸ்"ன்னு சிவப்புல ஒரு பெட்டி வருதுன்னாங்க, அதுல ஒரு போன் நம்பர் வேற. போன வாரம் அந்த நம்பருக்கு அடிக்கப் போயி, போன்ல பேலன்ஸ் இல்லாததால தப்பிச்சிருக்காங்க. அடிச்சிருந்தா எவனாவது இங்கிலீஷ்ல பேசி, கம்ப்யூட்டருக்குள்ள தூரத்துல இருந்தே பூந்து, பேங்க் விவரம் வரைக்கும் போயிருப்பான். இது ஹைஜாக்கரே இல்ல, நோட்டிஃபிகேஷன். அம்மா பழைய சீரியல் எபிசோடு தேடி ஏதோ சைட்டுக்குப் போயிருக்காங்க, நீங்க ரோபோ இல்லைன்னு நிரூபிக்க அலோ அமுக்குங்கன்னு கேட்டிருக்கான், "நான் ரோபோ இல்லையேடி, அதான் அமுக்கினேன்"ங்கிறாங்க. என்ன பதில் சொல்றது. செட்டிங்ஸ்ல பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ்னு போனா அனுமதி குடுத்த சைட் பதினாலு. எல்லாத்தையும் எடுத்துட்டு, இனிமே எவனும் கேக்கவே கூடாதுன்னு செட் பண்ணேன். சந்தேகப்பட்டு அம்மா போனை வாங்கிப் பாத்தா அதுல இருபத்தி மூணு.

ஒரு விஷயம் தான் எனக்கு நிஜமாவே வயித்தைக் கலக்கினது. அந்த எக்ஸ்டென்ஷனோட அனுமதி என்னன்னா, எல்லா வெப்சைட்லயும் உள்ள எல்லாத் தகவலையும் படிக்கவும் மாத்தவும். எல்லா வெப்சைட்லயும்னா பென்ஷன் வர்ற பேங்க் சைட்டும் தான். அப்பா இந்தப் பத்து நாள்ல ரெண்டு தடவை நெட்பேங்கிங் போயிருக்காரு, ஒண்ணும் போகல, ஸ்டேட்மென்ட்டை வரி வரியா பாத்தோம். பாஸ்வேர்டு எல்லாத்தையும் அப்பவே மாத்தினோம், இந்தக் கம்ப்யூட்டர்ல இல்ல, என் போன்ல உக்காந்து. அப்பா பாஸ்வேர்டு எல்லாம் 2016 டைரி ஒண்ணுல எழுதி வெச்சிருக்காரு, பாத்தா ஜிமெயில், பேங்க், கரண்ட் பில் எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு, அம்மா பேரும் கல்யாணத் தேதியும். அம்மாவுக்கு அதுல ஒரு சந்தோஷம், வெளிய காட்டிக்கல.

இப்ப அந்தத் தேதிக்கு வர்றேன். புரோகிராம் லிஸ்ட்ல அந்த மூணும் இறங்கினது 12-08-2025. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைப் பாத்தா அன்னிக்குக் காலையில 11.42-க்கு ஒரு செட்டப் ஃபைல். அதுக்கு முன்னாடி 11.20-க்கு வாட்ஸப்ல இருந்து இறக்கின ஒரு பிடிஎஃப், பிள்ளையார் கோயில் கும்பாபிஷேக நன்கொடையாளர் பட்டியல். செவ்வாய்க்கிழமை, காலையில 11.42, ஸ்கூல் இருக்குற நேரம்.

மத்தியானம் அக்காவும் பையனும் வந்தாங்க, அவன் வாசல்ல செருப்பைக் கழட்டும் போதே திட்டு வாங்க ரெடியான மூஞ்சி. நான் சாப்பாட்டுக்கு நடுவுல சாதாரணமா கேட்டேன், 12-ம் தேதி நீ எங்கடா இருந்தன்னு. அவன் யோசிக்கவே இல்ல. "கங்கைகொண்ட சோழபுரம் சித்தி, ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க"ன்னு அக்கா போனைப் புடுங்கி போட்டோ காட்டினான், பெரிய நந்தி முன்னாடி இருபது பசங்க, இவன் ஓரத்துல கண்ணைச் சுருக்கிக்கிட்டு நிக்கிறான். அக்கா ரசத்தைக் கலக்கிக்கிட்டே இருந்தா. அம்மா அப்பாவைப் பாத்தாங்க. அப்பா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு.

"பிடிஎஃப்பை வேர்டா மாத்தணும்னு தேடினேன்"ன்னு மெதுவா சொன்னாரு. முதல்ல வந்ததை அமுக்கியிருக்காரு, அது விளம்பரம். அந்தப் பக்கத்துல மூணு டவுன்லோட் பட்டன், பெருசா பச்சையா இருக்குறதை அமுக்கியிருக்காரு, நான் இருந்தாலும் அவசரத்துல அதைத் தான் அமுக்கியிருப்பேன். இன்ஸ்டால் ஆகும் போது நாலு தடவை அக்செப்ட், டிக்ளைன் கேட்டிருக்கு, டிக்ளைன் வெளிறிப் போன சாம்பல் கலர்ல இருந்துச்சாம், அமுக்க முடியாதுன்னு நினைச்சுட்டாரு. "டிக்ளைன் போட்டா லோனே ரிஜெக்ட் ஆயிடுமே, அது மாதிரின்னு நினைச்சேன்"ன்னாரு. முப்பத்தி நாலு வருஷம் ஜாமீன்தாரர் கையெழுத்து வரைக்கும் பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்த மனுஷன். அவ்வளவு பண்ணியும் பிடிஎஃப் மாறலையாம், தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வந்துச்சாம்.

கொஞ்ச நேரம் யாரும் பேசல. பையன் தான் ஆரம்பிச்சான், "எனக்கு ஒன்பது நாள் டேப் இல்ல"ன்னு. அப்புறம் "என் ஊரு போச்சு"ன்னான். அக்கா "சாப்பிடு முதல்ல"ன்னா, ஆனா குரல்ல பழைய வேகம் இல்ல.

லிஸ்ட்டு விஷயம் அப்படியே நிக்குது, கோயில்காரங்களுக்கு ஞாயித்துக்கிழமைக்குள்ள குடுக்கணும். அந்த பிடிஎஃப்பை கூகுள் டிரைவ்ல ஏத்தி கூகுள் டாக்ஸ்ல திறந்தேன், அதுவே எழுத்தைப் படிச்சு தமிழ்ல குடுத்துடும், எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். முக்கால்வாசி சரியா வந்துச்சு, இனிஷியல் எல்லாம் குழம்பிப் போச்சு, ணகரம் னகரம் மாறிப் போச்சு, தொகை ஒரு பக்கம் பேரு ஒரு பக்கம் நின்னுச்சு. 212 பேரு. யாராவது உக்காந்து ஒவ்வொண்ணா சரி பண்ணணும். அப்பாவுக்கு வாசிக்க முடியும், டைப் பண்ண முடியாது. பையன் கீபோர்டு மேல இருந்த துணி உறையை எடுத்து மடிச்சு வெச்சுட்டு தாத்தாவைப் பாத்தான். பேரம் அஞ்சு நிமிஷம் நடந்துச்சு, அம்பது காசுல ஆரம்பிச்சு பேருக்கு ஒரு ரூபான்னு முடிஞ்சுது.

அப்பா பேப்பரை வெச்சுக்கிட்டு வாசிக்க வாசிக்க அவன் தட்டிக்கிட்டே வந்தான். நான் தூங்கிட்டேன். எந்திரிச்சு வந்தப்ப மணி அஞ்சரை, நூத்தி நாப்பது தாண்டியிருந்தாங்க, அவன் நிறுத்திட்டு ஸ்கிரீனைக் காட்டி கேக்குறான், "தாத்தா, இந்த மளிகைக் கடை மாமா பேரு ரெண்டு தடவை வந்திருக்கு, அதுக்கும் ரெண்டு ரூபா தானே?"